மாசி வெயிலில் பூக்காத போகன்விலாவும் உதிரும் மல்லிகை மொட்டும்

கேள்வி:

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. வயது அறுபத்து மூன்று. தெஹிவளையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் வீடு. மதிலுக்குள் மூன்று பேர்ச் அளவு மண், மேலே ஒரு மொட்டைமாடி. கேற்றடியில் பெரிய சிமெந்துச் சாடியில் போகன்விலா நிற்கிறது. கிணற்றடியில் இரண்டு மல்லிகையும் இரண்டு செவ்வரத்தையும், போன வருடம் கட்டிய மதிலோரம் எக்ஸோராவும், மாடியில் பத்துப் பன்னிரண்டு சாடிகளும் இருக்கின்றன. கார்த்திகையில் பச்சைப் பசேலென்று நிற்கும் தோட்டம் தை பிறந்ததும் சோர்ந்துவிடுகிறது. போகன்விலாவில் மூன்று வருடமாக ஒழுங்கான பூ இல்லை, முள்ளும் இலையும்தான். மல்லிகையைத் தைப்பொங்கலுக்கு முதல் கிழமை கத்தரித்தேன். வெட்டாமல் விட்ட கொப்புகளில் வந்த மொட்டுகள் விரியாமலே உதிர்கின்றன. எக்ஸோரா மஞ்சளாகிறது. பின்னேரத்தில் குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருவதால் இரண்டு கிழமையாகக் கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். எல்லாச் செடிக்கும் பேதமில்லாமல் நாளுக்கு ஆறு வாளி. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதால் மாதம் ஒரு தடவை யூரியாவும் போடுகிறேன். மண்ணைத் தொட்டால் ஈரமாகத்தான் இருக்கிறது. இவ்வளவும் செய்தும் சுவாமிக்கு வைக்க நாலு பூ இல்லாமல் கடையில் சரம் வாங்க மனசுக்கு ஒரு மாதிரி இருக்கிறது. மாசி, பங்குனியில் பூக்கும் தோட்டம் கொழும்பில் நடக்கிற காரியமா?

பதில்:

அன்புள்ள அம்மா,

நடக்கிற காரியம்தான். ஆனால் உங்கள் கடிதத்தில் "எல்லாச் செடிக்கும் பேதமில்லாமல்" என்று ஒரு வரி வருகிறதே, கோளாறு அங்கேதான் இருக்கிறது. வகுப்பறையில் அது நல்ல குணம். தோட்டத்தில், தாகமாக விட வேண்டிய செடிக்குத் தண்ணீரும், தண்ணீர் கேட்கும் செடிக்குத் தாகமும் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஊற்றும் தண்ணீர் குறைவென்று நான் நினைக்கவில்லை. சொல்லப்போனால் கூட.

கொழும்பின் வறட்சி மன்னார் வறட்சியோ யாழ்ப்பாணத்து வறட்சியோ அல்ல. வருடத்துக்குச் சராசரியாக 2,400 மில்லிமீற்றர் அளவில் மழை பெறும் ஊர் இது. ஐப்பசி கார்த்திகையில், அதாவது ஒக்டோபர், நவம்பர் மாதங்களில், ஒவ்வொன்றிலும் 300 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டும். ஜனவரியிலும் பெப்ரவரியிலும் அது 60, 70 என்று விழுந்துவிடுகிறது. வடகீழ்ப் பருவக்காற்று கிழக்கிலும் வடக்கிலும் மழையைக் கொட்டிவிட்டு, மலைநாட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வரும்போது காய்ந்த காற்றாகவே வருகிறது. விடியற்காலை இலையில் பனி இருக்கும், இரவு வெப்பம் 22 பாகை வரை இறங்கும். பத்து மணிக்குள் வெயில் சுடத் தொடங்கி, மத்தியானம் 31 பாகையைத் தொடும். மார்ச் பிற்பகுதியில் பின்னேர இடிமழை தொடங்கினால் இந்தக் கஷ்டம் முடிந்தது. ஆகவே நாம் சமாளிக்க வேண்டியது மார்கழி நடுவிலிருந்து பங்குனி நடு வரையான மூன்று மாதங்கள். அதுவும் முழுக்க மழையில்லாத மூன்று மாதங்கள் அல்ல. இடையிடையே ஒரு மழை தலைகாட்டும்.

இந்த இடைவெளியை மரங்கள் எப்படி எடுத்துக்கொள்கின்றன என்று தெருவில் இறங்கிப் பாருங்கள். மாமரம் பூக்கிறது. வேலியில் நிற்கும் முள்முருக்கு இலையை உதிர்த்துவிட்டுச் சிவப்பாக நிற்கிறது. மார்ச் மாதம் கொழும்பு வீதியோரங்களில் ரோஸ் நிறத்தில் சொரியும் ரொபரோசியா மரத்துக்கு யார் வாளி தூக்கி ஊற்றுகிறார்கள்? வெப்ப நாட்டு மரஞ்செடிகள் பலவற்றுக்கு, தண்ணீர் குறைகிற இந்தக் கிழமைகள்தான் பூக்கச் சொல்லும் அறிவிப்பு. உங்கள் போகன்விலாவுக்கு அந்த அறிவிப்பு மூன்று வருடமாகப் போய்ச் சேரவில்லை.

அதை முதலில் பார்ப்போம். நாளைக் காலை கேற்றடிக்குப் போய், இளங்கொப்பு ஒன்றைக் கையிலெடுத்து இலை கொப்போடு சேரும் கக்கத்தைப் பாருங்கள். அங்கே ஒரு முள் இருக்கும். பூத்திருக்கும் போகன்விலா ஒன்றில் அதே இடத்தைப் பார்த்தால், முள் இருக்க வேண்டிய இடத்தில் பூங்கொத்தின் காம்பு நிற்கும். இரண்டும் ஒரே முளையின் இரண்டு வழிகள். செடிக்குத் தண்ணீரும் நைதரசனும் தாராளமாகக் கிடைத்தால் அந்த முளை முள்ளாகிவிடும், கொப்பு நீண்டுகொண்டே போகும். வெயிலும் வறட்சியும் சேர்ந்து, இரவும் சற்று நீண்டிருந்தால் அது பூங்கொத்தாகும். நாம் பூ என்று பார்க்கும் நிறம் உண்மையில் மூன்று மெல்லிய நிற இலைகள். நடுவில் நிற்கும் சின்ன வெள்ளைக் குழல்கள்தான் பூ. யூரியாவில் 46 சதவீதம் நைதரசன் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனசோடு சொல்லியிருப்பார். அவருடைய கீரைப்பாத்திக்கு அது சரி. நீங்கள் மாதா மாதம் போட்டது முள்ளுக்கான பசளை.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். யூரியாவை இன்றோடு நிறுத்துங்கள். சாடிக்குத் தண்ணீர் ஊற்றாமல் விடுங்கள். மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்து, நுனி இலைகள் மத்தியானத்தில் லேசாகத் தொங்கும் வரை பொறுங்கள். சிமெந்துச் சாடி பெரிதென்பதால் நாலைந்து நாளும் ஆகலாம், ஒரு கிழமையும் ஆகலாம். தொங்கிய அன்று பின்னேரமே அடித் துளையால் தண்ணீர் வழியும் வரை ஒரே தடவையில் நிறைய ஊற்றுங்கள். பிறகு மறுபடியும் காய விடுங்கள். இப்படி நாலு முதல் ஆறு கிழமை. முற்றாக வாடிச் சருகாகும் வரை விடச் சொல்லவில்லை. தொங்குவதும் சாவதும் வேறு வேறு. கொப்பு நுனிகளில் நிறம் தெரியத் தொடங்கியதும் இந்தப் பட்டினியை நிறுத்தி, மண் காயக் காய ஒழுங்காக ஊற்ற வேண்டும். அப்போதும் பட்டினி போட்டால் வந்த நிறமும் உதிர்ந்துவிடும். இதைப் பலர் தவற விடுகிறார்கள்.

வெயில் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேராக விழ வேண்டும். கேற்றடியில் மாமர நிழல் ஏதும் இருந்தால் தண்ணீர்க் கணக்கெல்லாம் வீண். நீண்டு போன இளங்கொப்புகளின் நுனியை விரலால் கிள்ளிவிடுங்கள். பக்கக் கொப்பு வரும், பூ வருவது அந்தப் புதுக் கொப்பில்தான். பெரிய சாடிக்கு மாற்றவும் வேண்டாம். போகன்விலாவுக்கு வேர் நெருக்கடி பிடிக்கும், அதன் வேரைக் குலைத்தால் பிடிக்காது. இந்த வருடம் உங்களுக்குப் பூ பங்குனி நடுவில் கிடைத்தால் நல்ல அதிர்ஷ்டம். அடுத்த வருடம், மழை ஓய்ந்த மார்கழி நடுவிலேயே இந்தக் காயவிடும் வேலையைத் தொடங்கினால், தை முடிவிலேயே கேற் நிறைந்துவிடும்.

மல்லிகையின் கதை இதற்கு நேரெதிர். அதற்கு இப்போது தாகம். "ஈரமாகத்தான் இருக்கிறது" என்கிறீர்கள். எவ்வளவு ஆழத்துக்கு? வழக்கம்போல ஊற்றிவிட்டு அரை மணி நேரம் கழித்து, மல்லிகையடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, சமையலறைக் கரண்டியால் நாலு அங்குலம் தோண்டிப் பாருங்கள். கடலோர மணல் மண்ணில் மேலே ஓர் அங்குலம் கறுப்பாக நனைந்திருக்கும், அதற்குக் கீழே வெளுத்த மணல் பொலபொலவென்று கொட்டும். தினம் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றும்போது வேர்கள் தண்ணீரைத் தேடி மேலே வந்துவிடுகின்றன. மேலே வந்த வேரை மத்தியான வெயில் வாட்டுகிறது. செடி முதலில் கைவிடுவது மொட்டைத்தான்.

கணக்காகவே சொல்கிறேன், ஆசிரியைக்குப் பிடிக்கும். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் தண்ணீர் என்பது ஒரு லீற்றர். மாசி வெயிலில் கொழும்பு மண்ணும் இலையும் சேர்ந்து நாளொன்றுக்கு 4 முதல் 5 மில்லிமீற்றர் வரை ஆவியாக்கும். ஆக, ஒரு சதுர மீற்றர் பரப்பில் வேர் விட்டிருக்கும் மல்லிகைக்கு மூன்று நாளுக்கு ஒரு தடவை 10 லீற்றர், அதாவது ஒரு வாளி, முழுவதும் அந்த ஒரு செடிக்கே. மண்ணை மூடி வைத்தால் இது போதும். வெறும் மணலாக விட்டால் போதாது. காலை எட்டு மணிக்கு முதல், ஒரேயடியாகக் கவிழ்க்காமல், மண் குடிக்கக் குடிக்க ஊற்றுங்கள். மல்லிகை இரண்டு, செவ்வரத்தை இரண்டு, எக்ஸோராவுக்கு ஒன்று என்று மூன்று நாளுக்கு ஐந்து வாளி. மாடிச் சாடிகளுக்கு இன்னும் ஐந்தாறு வாளி என்று வைத்தாலும், மூன்று நாளில் 18 வாளி தூக்கும் கையும் முதுகும் உங்களுக்கு நன்றி சொல்லும்.

மண்ணை மூட, தும்புச்சோறும் காய்ந்த இலையும் இரண்டு அங்குலத் தடிப்பில், தண்டைத் தொடாமல் போடுங்கள். அதைவிட நல்லது பொச்சுமட்டை. தென்னந்தோட்டங்களில் மரத்தைச் சுற்றிப் புதைப்பார்களே, அதே வேலைதான். உள்பக்கம் கீழே பார்க்க, செடியிலிருந்து ஒரு சாண் தள்ளி வட்டமாக அடுக்கி, மேலே கொஞ்சம் மண் போட்டு விடுங்கள். தேங்காய் உரித்து விற்கும் கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள். தும்புச்சோற்றில் உப்பு இருக்கக்கூடும். இரண்டு தடவை தண்ணீர் விட்டு அலசிய பிறகு போடுங்கள்.

உப்பு என்றதும் உங்கள் கிணற்றுக்கு வருகிறேன், ஏனென்றால் மல்லிகை மொட்டு உதிர்வதில் அதற்கும் பங்கிருக்கிறது என்று நினைக்கிறேன். கிணற்றுத் தண்ணீர் ஊற்றத் தொடங்கி இரண்டு கிழமை என்கிறீர்கள். மொட்டு உதிரத் தொடங்கியது எப்போது என்று யோசித்துப் பாருங்கள். கடலுக்கு இவ்வளவு கிட்டவுள்ள கிணறுகள் மழையில்லாத மாதங்களில் உவர்ப்பேறுவது சாதாரணம். நல்ல தண்ணீர் மட்டம் இறங்க, கடல் தண்ணீர் உள்ளே வருகிறது. வாயில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நாக்குக்கு உவர்த்தால் மல்லிகைக்கு இன்னும் உவர்க்கும். இலையின் ஓரமும் நுனியும் கருகியிருந்தால் அதுவே சாட்சி. அந்தத் தண்ணீரை வீணாக்க வேண்டாம். போகன்விலா, அலரி, தேமா போன்றவை உப்புக்கு ஓரளவு தாக்குப்பிடிக்கும், அவற்றுக்கு ஊற்றுங்கள். மல்லிகைக்கும் எக்ஸோராவுக்கும் நல்ல தண்ணீர் மட்டும். ஏற்கெனவே உப்பு இறங்கிய மல்லிகையடிக்கு ஒரு நாள் மட்டும் இரண்டு மூன்று வாளி நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவிவிடுங்கள். மணல் மண்ணின் ஒரே நன்மை, உப்பும் சீக்கிரம் இறங்கிப் போய்விடும்.

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? வறட்சி கடுமையானால் குழாய்த் தண்ணீரைத் தோட்டத்துக்கு ஊற்ற வேண்டாமென்று நீர் வழங்கல் சபை கேட்டுக்கொள்வது வழக்கம். கேட்பதில் நியாயமும் இருக்கிறது: களனி ஆறு வற்றினால் கடல் உவர் ஆற்று வழியே ஏறி, நமக்குத் தண்ணீர் எடுக்கும் அம்பத்தளைப் பக்கம் வரை வந்துவிடும். ஆகவே வீட்டுக்குள்ளேயே தேடுங்கள். அரிசி கழுவிய தண்ணீர், மரக்கறி கழுவிய தண்ணீர், துணி அலசிய கடைசித் தண்ணீர் எல்லாம் ஆகும். வெளிற வைக்கும் மருந்து சேர்ந்த தண்ணீர் மட்டும் ஆகாது. அறையில் ஏசி ஓடினால் வெளியே சொட்டும் குழாயின் கீழ் ஒரு வாளி வையுங்கள். கொழும்புப் புழுக்கத்தில் ஓர் இரவில் பாதி வாளிக்கு மேல் சேரும், உப்பே இல்லாத தண்ணீர். எக்ஸோராவுக்கு அதைவிட நல்லது கிடையாது. மழைத் தண்ணீரையும் மறக்காதீர்கள். 40 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 400 லீற்றர். பாதி வழியில் வீணானாலும் ஒரு பெரல் நிறையும். முதல் சில நிமிடத் தண்ணீரை வெளியே விட்டுவிடுங்கள், அதில் கூரைத் தூசியும் காகங்களின் உபயமும் இருக்கும்.

ஆனால் பெரலை வலைத்துணியால் இறுக்கிக் கட்டாமல் ஒரு நாளும் வைக்கக் கூடாது. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாள் போதும். சுவரோரம் ஒட்டிய முட்டை காய்ந்தபடி மாதக்கணக்கில் காத்திருக்கும். கிழமைக்கு ஒரு தடவை உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்பது அதற்காகத்தான். மாடியில் சாடிகளுக்குக் கீழே தட்டு வைத்திருந்தால் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். சுகாதாரப் பரிசோதகர் வந்து சொல்லும் வரை காத்திருக்க வேண்டாம். தண்ணீர் தேங்கிய தட்டு வேரையும் அழுகச் செய்யும், தெருவுக்கே காய்ச்சலும் கொடுக்கும்.

மல்லிகையில் இன்னொரு சோதனையும் செய்யுங்கள். உதிர்ந்த மொட்டுகளில் பத்தைப் பொறுக்கி வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். வெறுமனே மஞ்சளாகி விழுந்திருந்தால் மேலே சொன்ன தண்ணீர்க் கோளாறு. மொட்டில் ஊசி முனையளவு துளை இருந்து, ஊதா நிறம் பரவி, இரண்டு மூன்று மொட்டுகள் இழையால் ஒட்டியிருந்தால் மொட்டுப் புழு. அந்தக் கொத்துகளைக் கிள்ளி சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள். விழுந்த மொட்டுகளையும் கூட்டி எடுங்கள், புழு மண்ணுக்குள் இறங்கிவிடும். இலை மங்கிப் புள்ளி புள்ளியாக வெளுத்து, அடியில் மெல்லிய வலை தெரிந்தால் சிற்றுண்ணி. வறட்சி வந்தால் அதுவும் கூடவே வரும். இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பலமாகப் பீச்சினாலே பாதி போய்விடும். மிச்சத்துக்கு ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சில சொட்டுத் திரவ சோப்பும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு அடியிலை நனையத் தெளியுங்கள். செவ்வரத்தையில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தால் அது வெண்மூட்டுப்பூச்சி, அதற்கும் இதே மருந்து. அங்கே எறும்பு ஊர்கிறதா என்றும் பாருங்கள். அந்தப் பூச்சியைச் செடிக்குச் செடி கொண்டுபோய்ப் பாதுகாப்பது எறும்புதான்.

கத்தரித்த நேரமும் பிந்திவிட்டது. மல்லிகை புதுக் கொப்பில் பூக்கும். தமிழ்நாட்டில் பயிரிடுகிறவர்கள் நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும் கத்தரித்து, மார்ச்சிலிருந்து பூ எடுக்கிறார்கள். கொழும்பிலும் பெருமழை ஓய்ந்த மார்கழிதான் நேரம். நீங்கள் தைப்பொங்கலை ஒட்டி வெட்டியதால், வெட்டிய கொப்புகளின் பூ பங்குனி கடைசிக்குத்தான் வரும். இப்போது பொறுமை இழந்து மறுபடி கத்தரிக்கோலை எடுத்தால் சித்திரையும் போய்விடும்.

எக்ஸோராவின் மஞ்சளுக்குக் காரணம் தண்ணீர் அல்ல, உங்கள் புது மதில். இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று, இடையில் மஞ்சளாக இருக்கும், பாருங்கள். மதில் கட்டிய சிமெந்தும் சுண்ணாம்பும் மண்ணில் கலந்து, மண் காரமாகியிருக்கிறது. எக்ஸோராவுக்குப் புளிப்பு மண் வேண்டும். கார மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. எப்சம் உப்பு போடச் சொல்லி யாராவது வருவார்கள், கேட்காதீர்கள். அது மக்னீசியம், இங்கே குறை இரும்பு. மழை தொடங்கியதும் செடியை மதிலிலிருந்து மூன்று அடி தள்ளி, கட்டிடக் கழிவைப் பொறுக்கிவிட்டு, நிறையக் கூட்டெரு போட்டு நடுங்கள். இந்த வெயிலில் கிளப்பினால் செத்துப்போகும். மதிலோர இடத்தை அலரிக்குக் கொடுங்கள், அது இந்த மண்ணைப் பொருட்படுத்தாது. பேரப்பிள்ளைகள் வந்துபோகும் வீடென்றால், அலரியும் அடீனியமும் பால் முதல் இலை வரை நஞ்சு என்பதால் கை எட்டாத இடம் பார்த்து வையுங்கள்.

மாடிக்கு வருகிறேன். கொங்கிறீற் தளத்தில் நேரே வைத்த கறுப்புப் பிளாஸ்டிக் சாடியில் வேர் வெந்துபோகும். இரண்டு செங்கல் வைத்து உயர்த்துங்கள், சாடிகளை நெருக்கி வையுங்கள். அங்கே வைக்கத் தகுந்தவை அடீனியமும் பட்டிப்பூவும் பத்துமணிப்பூவும். மூன்றுக்கும் வெயில்தான் சாப்பாடு. பத்துமணிப்பூவை விரல் நீளத் துண்டுகளாக ஒடித்து மணல் கலந்த மண்ணில் குத்தினாலே வேர் விடும். ஒரு மாதத்துக்குள் பூவும் வரும். அடீனியத்தின் அடித்தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள், கல் மாதிரி இருந்தால் தண்ணீர் வேண்டாம், சற்று அமுங்கினால் ஊற்றலாம். ஆனால் அமுங்குவதோடு கசிவும் நாற்றமும் இருந்தால் அது அழுகல், அப்போது ஊற்றினால் கதை முடிந்தது.

நுவரெலியா போய்வரும் எல்லோரும் காரின் பின்னால் ஹைட்ரேஞ்சியா ஒன்றைக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்துக் குளிரில் வளர்ந்ததைக் கடல் மட்டத்தில் வைத்தால் என்ன செய்யும்? அழகான செடிதான், ஆனால் அதை நான் தெஹிவளையில் சிபாரிசு செய்ய மாட்டேன். உங்கள் கடிதத்தில் அது இல்லை என்பதே ஆறுதல்.

சுவாமிப் பூவுக்கு என் முதல் தெரிவு நந்தியாவட்டை. வருடம் முழுவதும் பூக்கும், வறட்சிக்குப் பெரிதாக முகம் சுளிக்காது, பாதி நிழலிலும் நிற்கும். ஒரு மரம் வேர் பிடித்துவிட்டால் பூசைத் தட்டுக்கு வேறெதையும் நம்பியிருக்கத் தேவையில்லை. போகன்விலா எவ்வளவு பூத்தாலும் வாசனையில்லாத அதைச் சுவாமிக்கு வைப்பது வழக்கமில்லை, அது கேற்றுக்குத்தான். இரண்டாவது தேமா. தண்ணீர் தேங்காத மூலையில் ஒரு கொப்பை வெட்டி, பால் காய்ந்து வெட்டு வாய் மூடும் வரை ஒரு கிழமை நிழலில் போட்டுவிட்டு நட்டால் போதும். தேமாவையும் அலரியையும் இந்த வெயிலிலேயே கொப்பு வெட்டி வைக்கலாம். நந்தியாவட்டையையும் மற்றப் பெரிய செடிகளையும் வாங்குவதாக இருந்தால் பத்தரமுல்லை தியத உயனப் பக்கத்துச் செடிக்கடைகளில் பார்த்து வையுங்கள், நடுவதை ஐப்பசி மழைக்குத் தள்ளுங்கள். இரண்டு மாத மழையில் வேர் இறங்கிய செடிக்குத்தான் அடுத்த மாசியைத் தாண்டும் பலம் இருக்கும்.

இந்தச் சிவராத்திரிக்கு உங்கள் தோட்டத்து மல்லிகை வராது, அம்மா. அன்றைக்கு வில்வம்தான் முதன்மை. அதற்குத் துணையாகக் கடையில் ஒரு சரம் வாங்குவதில் குறையொன்றுமில்லை. சித்திரைப் புத்தாண்டுக்கோ இன்னும் காலம் இருக்கிறது. ஸீனியா விதை ஒரு பக்கற் வாங்கி இந்தக் கிழமையே கிணற்றடியில் வெயில் விழும் இடத்தில் போடுங்கள். விதையிலிருந்து பூவுக்கு 45 முதல் 60 நாள். கூட்டெரு கலந்த மண்ணில் கால் அங்குல ஆழத்தில் போட்டு, முளைக்கும் வரை மட்டும் தினமும் பூவாளியால் தெளியுங்கள். நாலு இலை வந்ததும் ஒரு சாண் இடைவெளி விட்டு மற்றதைப் பிடுங்கிவிட்டு, அதற்குப் பிறகு மல்லிகையோடு சேர்த்து மூன்று நாளுக்கு ஒரு தடவை. இதற்கும் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம்.